கறுப்பு மட்டும்தான் கண்ணியமா?

ஞாயிற்றுக்கிழமை என் புதிய பவழ நிற மைப்பேனாவைப் பார்த்து நண்பர் ஒருவர் "பொம்மை போல இருக்கிறது" என்றதும், அதற்குச் சிரிப்பு எழுந்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். "இவ்வளவு பணம் கொடுத்துவிட்டு இந்த நிறத்தையா எடுத்தீர்கள்?" என்ற கேள்வியை, கண்ணியமான பேனா என்றால் கறுப்புதான் என்ற அதன் உள்ளர்த்தத்தோடு சேர்த்து, அன்று சிரித்தே கடந்துவிட்டேன். ஆனால் அதே கேள்வி அக்கறையாகவும் அறிவுரையாகவும் பரிதாபமாகவும் வேடம் மாற்றிக்கொண்டு உள்பெட்டியில் வந்துகொண்டே இருப்பதால், எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். விலையுயர்ந்த ஒரு மைப்பேனாவில், வாங்குபவர் தம் விருப்பத்தை மட்டுமே கேட்டு முடிவெடுக்கக்கூடிய ஒரே விஷயம் நிறம். நிப் எத்தனை காரட் தங்கம், மை பேனாவுக்குள்ளேயே பொருத்திய பிஸ்டனில் ஏறுமா, கழற்றி மாட்டும் சிறு குழாயான கன்வெர்ட்டரில் ஏறுமா, எடை எவ்வளவு என்பவற்றை எல்லாம் நிறுவனம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. நிப்பின் அகலத்தைக்கூட என் கையெழுத்தின் அளவும் நான் எழுதும் காகிதமும்தான் தீர்மானிக்கின்றன. மிஞ்சியிருப்பது நிறம். அதையும் ஊரார் வாக்கெடுப்புக்கு விட்டுவிட வேண்டும் என்றால், பணத்தை மட்டும் நான் ஏன் தனியாகக் கட்ட வேண்டும்?

கறுப்புக்கு இருப்பதாகச் சொல்லப்படும் கண்ணியத்தின் வரலாறு கொஞ்சம் சுவையானது. தொடக்ககால மைப்பேனாக்கள் பெரும்பாலும் எபோனைட்டில், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரில் செய்யப்பட்டன. அந்தப் பொருளில் உறுதி குறையாமல் எளிதாக வந்த நிறம் கறுப்பு. சிவப்பு நிறமியைச் சேர்த்தால் ரப்பர் எளிதில் உடையும் தன்மை பெற்றது. பட்டறையில் வேறு வழியில்லாமல் நிலைத்த நிறத்துக்குத்தான் நாம் இன்று பண்பாட்டு அந்தஸ்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 1921இல் பார்க்கர் நிறுவனம் டியூஃபோல்ட் என்ற பேனாவைப் பளீரென்ற ஆரஞ்சுச் சிவப்பில் வெளியிட்டது. மக்கள் அதை விரும்பி வாங்கி, 'பிக் ரெட்' என்று செல்லப்பெயரும் வைத்தார்கள். பிறகு, பல நிறங்களில் செய்யக்கூடிய செல்லுலாய்டு என்ற பிளாஸ்டிக் வந்தது; 1924இல் ஷேஃபர் என்ற பேனா நிறுவனம் ஜேடு கல்லின் பச்சையைக் கொண்டுவந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன இந்த வழக்கைத்தான் நண்பர் ஞாயிற்றுக்கிழமை மறுவிசாரணைக்கு எடுத்துக்கொண்டார்.

எனக்குக் கறுப்பின் மீது பகை என்று யாரும் எண்ண வேண்டாம். 1952இல் வந்த, மோன்ட்பிளாங்க் நிறுவனத்தின் 149 என்ற தடித்த கறுப்புப் பேனாவைக் கையில் எடுத்துப் பார்த்தவர் எவரும் கறுப்பைக் குறை சொல்ல மாட்டார். ஆனால் அந்த நிறுவனத்தின் கறுப்பு ரெசின் (ஒருவகைப் பிளாஸ்டிக்) பேனாக்கள் பலவற்றின் மீது வலுவான விளக்கைப் பிடித்தால் உள்ளே அடர்சிவப்பு தெரியும் என்பதையும், கறுப்பின் காவலர்கள் ஓர் இரவு விளக்கணைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

என் அக்கா பணி ஓய்வு பெற்றபோது தமக்கென்று ஒரு நல்ல பேனா வாங்க விரும்பினார். நான் உடன் சென்றிருந்தேன். விற்பனையாளர் அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றுமே கேட்காமல், வெளிர் ரோஜா, முத்து வெள்ளை, இளநீலம் என்று ஒரு தட்டு நிறைய எடுத்து வைத்தார். அக்கா அவற்றைத் தொடவே இல்லை. கண்ணாடிப் பெட்டியின் கீழ்வரிசையில் இருந்த தடித்த கறுப்புப் பேனாவைக் காட்டினார். "அது ஆண்கள் விரும்பி வாங்குவது" என்று சொன்ன விற்பனையாளர், அக்காவை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார், நான் ஏதோ அனுமதி வழங்க வந்தவன் போல. அக்கா மூடியைத் திருகிக் கழற்றி, அதைப் பின்னால் செருகாமல் மேசை மேல் வைத்துவிட்டு, தம் முழுப் பெயரை எழுதி, மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்து, "இதற்கே பில் போடுங்கள்" என்றார். அவருக்குக் கறுப்பு மறுக்கப்பட்டது, எனக்குப் பவழ நிறம் மறுக்கப்படுகிறது. மறுப்பவர்களின் முகத்தில் மட்டும் ஒரே புன்னகை.

இனி ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். வெளிர் நிறப் பேனாக்களில் மைக்கறை படியும் என்பது நியாயமான எச்சரிக்கை, அதை மதிக்கிறேன். வெள்ளைப் பிடி உள்ள பேனாவில் ஊதா மையோ சிவப்பு மையோ நிரப்புபவர், நிப்பைச் சுற்றிப் படியும் கறையோடு வாழப் பழக வேண்டியதுதான். பழைய வெளிர் செல்லுலாய்டுப் பேனாக்கள் உள்ளே மை நிரப்ப இருந்த ரப்பர்ப் பையின் கந்தக ஆவியாலேயே பழுப்பேறின. ஆனால் கறுப்பு என்றும் மாறாது என்கிறவர்கள், பல ஆண்டுகள் வெளிச்சத்தில் கிடந்த கறுப்பு எபோனைட் பேனாவைப் பார்த்ததில்லை போலும். அது மங்கிப் பாசிப் பழுப்பாகிவிடும். மாறாக, ஜப்பானிய உருஷி அரக்குப் பூசிய சிவப்புப் பேனா ஆண்டுகள் செல்லச்செல்ல ஒளி கூடிக்கொண்டே போகிறது.

"முக்கியமான கையெழுத்துக்குக் கறுப்புப் பேனாதான் பொருந்தும்" என்றார் இன்னொருவர். 1945 செப்டம்பர் 2 அன்று, மிசௌரி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஜப்பானின் சரணாகதிப் பத்திரத்தில் நேச நாடுகளின் சார்பில் கையெழுத்திட்ட அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர் பல பேனாக்களைப் பயன்படுத்தினார். அவற்றுள் ஒன்று அவருடைய மனைவியின் சிவப்பு நிறப் பார்க்கர். உலகப் போரை முடித்துவைக்கப் பொருந்திய நிறம், என் வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்குப் பொருந்தாதாம்.

"திரும்ப விற்கும்போது கறுப்புதான் உடனே போகும்" என்பவர்களுக்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. வாங்கும்போதே வருங்காலத்தில் வாங்கப்போகும் யாரோ ஒருவரின் ரசனைக்கு நான் ஏன் வேலை பார்க்க வேண்டும்? "நிறமா எழுதுகிறது?" என்ற கேள்விக்கு மட்டும் முழு மனத்துடன் உடன்படுகிறேன். நிறம் எழுதுவதில்லை. அப்படியென்றால் அது என்ன நிறமாக இருந்தால் உங்களுக்கென்ன?

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. திரையில் பார்த்த படங்களில் அந்தப் பேனா ஒன்றில் செங்கல் நிறமாகவும் இன்னொன்றில் சாயம் போன சிவப்பாகவும் தெரிந்ததால், நேரில் எடுத்துச் சாளரத்தருகே பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே முடிவு செய்தேன். குழலை மெதுவாகச் சுழற்றினால் பவழ நிறத்துக்குள் ஒரு வெண்கீற்று நெளிந்து மூடி விளிம்பில் மறைகிறது; அதே வகையில் பக்கத்தில் இருந்த இன்னொரு பேனாவில் அந்தக் கீற்று இல்லை. வெள்ளி நிறக் கிளிப்பில் அந்தப் பவழம் வெளிறித் தெரிந்தது, பொன்னிறக் கிளிப்பில் கனிந்து தெரிந்தது. இத்தனையையும் பார்த்து எடுத்த ஒரு பொருளை, கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் "பொம்மை போல இருக்கிறது" என்று சொன்னதுதான் எனக்கு வலித்தது. நான் மதிக்கும் இருவர் அதற்குச் சிரித்தது அதைவிட வலித்தது.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இவ்வளவு நீளமான பதிவா என்று கேட்பீர்கள். விஷயம் அவ்வளவு சிறியது என்றால் அத்தனை பேர் கருத்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இளையவர்கள் தங்களுக்குப் பிடித்த நிறத்தைத் தொட்டுவிட்டு, நம் முகத்தைப் பார்த்துவிட்டுக் கறுப்புக்குக் கையை மாற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகம் நம்முடையது என்பது நமக்குத் தெரிவதில்லை.

அடுத்ததாகப் பச்சைக் கோடுகள் போட்ட ஒரு பெலிகன் நிறுவனப் பேனா வாங்குவதாக இருக்கிறேன். கோடுகளுக்கு நடுவே மையின் மட்டம் தெரியும் என்பது கூடுதல் வசதி. மீடியம் நிப்பா, ஃபைன் நிப்பா என்பதில்தான் குழப்பம். அவற்றில் எழுதிப் பழகியவர்கள் சொன்னால் கவனமாகக் கேட்டுக்கொள்கிறேன். நிறத்தைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.