வாஷரும் ஷவரும்

விண்வெளித் தொலைநோக்கி வேலையில் இருந்த பொறியாளர் காலமானால், அவர் நினைவாக வீட்டில் எதை எடுத்து வைப்பார்கள்? பேட்ஜ், பெயர் பொறித்த காபி கோப்பை, குரூப் போட்டோ, பாராட்டுக் கேடயம். இழுப்பறையில் கிடக்கும் கிறுக்கல் நோட்டும் பேர் தெரியாத உதிரிப் பாகமும் குப்பைக்குப் போய்விடும். எனக்கென்னவோ இது தலைகீழாகப் படுகிறது.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990 ஏப்ரலில் மேலே போனது. கொஞ்ச நாளிலேயே படங்கள் மங்கல் என்று தெரிந்துவிட்டது. ஒளியைக் குவிக்கும் 2.4 மீட்டர் கண்ணாடியின் விளிம்பு சுமார் 2 மைக்ரான் கூடுதலாகத் தேய்ந்து தட்டையாகியிருந்தது. அமெரிக்காவின் டான்பரியில், பெர்க்கின்-எல்மர் நிறுவனத்தில் இழைத்த கண்ணாடி. இழைப்பு சரியா என்று பார்க்க வைத்திருந்த கருவியே தப்பு. அதன் பெயர் நல் கரெக்டர் (தமிழில் படித்தால் சிரிப்புத்தான் வருகிறது). அதற்குள் இருந்த லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. காரணம், லென்ஸ் இருக்க வேண்டிய தூரத்தை அளக்க வைத்த அளவுகோல் தண்டின் மூடியில் துளியூண்டு பெயின்ட் உரிந்து, லேசர் ஒளி தண்டின் முனைக்குப் பதிலாக மூடியில் பட்டுத் திரும்பியதுதான். லென்ஸ் அந்தத் தப்பான அளவுக்கு இறங்க மறுத்தது. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வாஷர் கொடுத்து இறக்கிவிட்டார்கள்!

இதெல்லாம் எப்படித் தெரியவந்தது என்பதுதான் என் விஷயம். கண்ணாடி வேலை 1981லேயே முடிந்துவிட்டது. நடுவில் நிறுவனம் கைமாறியது. ஆனாலும் அந்தக் கருவியை யாரும் பிரிக்கவில்லை, துடைத்துச் சுத்தம் செய்யவில்லை. லூ ஆலன் தலைமையிலான விசாரணைக் குழு வந்து அளந்தபோது பிழை அப்படியே அகப்பட்டது. எத்தனை தப்பு என்று துல்லியமாகத் தெரிந்ததால் அதே அளவு எதிர்த்தப்பாகத் திருத்தக் கண்ணாடிகள் செய்ய முடிந்தது. கருத்தாக யாராவது அந்த அறையை ஒழித்துப்போட்டிருந்தால்?

அதனால், அப்படிப்பட்ட பொறியாளர்களின் வீட்டாரிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: கேடயத்தைத் தூக்கிப் போட்டாலும் பரவாயில்லை, நோட்டைப் போடாதீர்கள். புரியாவிட்டால் அவரோடு வேலை பார்த்த ஒருவரிடம் காட்டி, இது என்ன, எந்த வருஷம் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள்.

அப்புறம் ஜேம்ஸ் குரோக்கர் என்ற பொறியாளர். திருத்தக் கண்ணாடிகளை ஹபிளுக்குள் எப்படி நுழைப்பது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவர், ஜெர்மனி ஓட்டல் ஒன்றில் குளிக்கும்போது, கம்பியில் ஏற்றி இறக்கி, மடக்கித் திருப்பும் ஷவரைப் பார்த்தார். அதே பாணியில் மடங்கி விரியும் கைகளோடு பிறந்ததுதான் கோஸ்டார் என்ற திருத்தக் கருவி. 1993 டிசம்பரில் பொருத்தினார்கள், 2009இல் கழற்றிக் கொண்டுவந்தார்கள். இப்போது வாஷிங்டன் விண்வெளி அருங்காட்சியகத்தின் சொத்து.

அந்த ஷவரை எந்த பிளம்பர் கழற்றிப் போட்டாரோ.