என் பொண்ணுக்குத் தெருவில் பரீட்சை வைக்காதீங்க

காட்பாடி ரயிலடியிலும் கேட்கிறார்கள், கல்யாண வீட்டிலும் கேட்கிறார்கள்: "பாப்பா எந்த ஸ்கூல்?" வீட்டிலேயே படிக்கிறாள் என்றதும், "நாலு பேரோட பழக வேணாமா?" ஒரே வயதுப் பிள்ளைகளோடு வாய் பொத்தி உட்கார்வதுதான் பழக்கமா? என் மகள் பூக்காரம்மாவிடம் கணக்குப் பேசுகிறாள். வேலூர்க் கோட்டை அகழியோரம் நடந்தபடி 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியைத் தம்பிக்குச் சொல்கிறாள்.

சர்டிஃபிகேட்டா? பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத, 1989 முதல் மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறதே! 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம்.

இதெல்லாம் பரவாயில்லை. குழந்தையை நிறுத்திவைத்து, "பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு" என்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. பள்ளிக்குப் போகிற பிள்ளையை யாராவது இப்படிச் சோதிக்கிறார்களா? அவள் முகம் வாடும்போது எனக்கு வயிறு எரிகிறது. சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள், அவளை விட்டுவிடுங்கள்.