டெங்குவுக்கும் சுகர் மீட்டர் மாதிரி ஒன்று வேண்டும்

காய்ச்சலின் இரண்டாம் நாள் டெங்கு கார்டு டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ் என்றதும் நிம்மதியாக வீடு திரும்புகிறவர்கள் நம்மில் நிறைய பேர். அந்த நிம்மதியை முழுசாக நம்பக் கூடாது என்பதற்காகவே இந்தப் பதிவு.

கார்டு தேடுவது என்எஸ்1 என்ற வைரஸ் புரதத்தை. காய்ச்சலின் முதல் நாளிலேயே ரத்தத்தில் வந்துவிடும் என்பதால் நல்ல அடையாளம்தான். ஆனால் டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை ஏற்கெனவே வந்துபோனவருக்கு இன்னொரு வகை தொற்றினால், எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடி) சீக்கிரமே பெருகி என்எஸ்1-ஐப் பிடித்து மூடிக்கொள்கின்றன. அது கார்டில் சிக்காமல் போகலாம். டெங்கு தீவிரமாகும் ஆபத்து அதிகம் இருப்பதும் இந்த இரண்டாவது தொற்றில்தான். யாருக்கு டெஸ்ட் மிகவும் தேவையோ, அவரையே அது கைவிடுகிறது.

பயோசென்சர் மீது எனக்கு இவ்வளவு எதிர்பார்ப்பு இருப்பது இதனால்தான். வீட்டில் இருக்கும் சுகர் மீட்டரே ஒரு பயோசென்சர்தான். ஸ்ட்ரிப்பில் உள்ள நொதி சர்க்கரையோடு வினைபுரிய, அதில் வரும் மின்னோட்டம் எண்ணாக மாறுகிறது. நொதிக்குப் பதில் என்எஸ்1-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியை வைத்தால் டெங்குவுக்கும் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் முக்கியம். தாய்லாந்துக் குழந்தைகளிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், டெங்கு-2 வகை தொற்றியவர்களில் முதல் 72 மணி நேரத்துக்குள் என்எஸ்1 அளவு மில்லிலிட்டருக்கு 600 நானோகிராமோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு ரத்தக்கசிவு டெங்கு வரும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. கார்டில் விழும் கோட்டைப் பார்த்து இதைக் கணிக்க முடியாது.

வருத்தமும் இங்கேதான். சுத்தமான உப்புக் கரைசலில் எவ்வளவு குறைந்த அளவைக் கண்டுபிடித்தோம் என்பதில் பல ஆய்வுகள் போட்டி போடுகின்றன. நோயாளியின் ரத்தத்திலோ என்எஸ்1 பெரும்பாலும் நானோகிராம் கணக்கில், சிலருக்கு மைக்ரோகிராம் வரைகூட இருக்கும். அவ்வளவு குறைந்த அளவைத் தேட வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. சிக்கல் வேறு. ரத்தத்தின் மற்ற புரதங்கள் ஸ்ட்ரிப்பில் மின்னோட்டத்தை அளக்கும் மின்முனையில் ஒட்டிக்கொண்டு அளவைக் குழப்புகின்றன. ஆன்டிபாடி மூடிய என்எஸ்1-ஐ விடுவிக்க ஆய்வகத்தில் அமிலம் சேர்த்துப் பிரிக்கும் முறை உண்டு, அதை ஸ்ட்ரிப்புக்குள் கொண்டுவர உழைப்பவர்களுக்குத்தான் முதலில் பணம் போக வேண்டும் என்பேன். அப்புறம், ஏசி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் மே மாதம் முழுக்கக் கிடந்தாலும் அந்த ஸ்ட்ரிப் கெடக் கூடாது.

எத்தனை பேரின் விரல்நுனி ரத்தத்தில் சோதித்தீர்கள், அதில் எத்தனை பேருக்கு இரண்டாவது தொற்று? புதுக் கருவி பற்றிச் செய்தி போடுகிறவர்கள் இதைக் கேட்டு எழுதினால் நன்றாயிருக்கும்.

அப்படியொரு கருவி வரும்வரை, கார்டு நெகட்டிவ் என்றாலும் டாக்டரைப் பாருங்கள். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.