ஒரு நிமிசம்தானே தங்கச்சி

போன வியாழக்கிழமை பகல் 11 மணி. மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டுப் பின் அறை. அலுமாரிக் கதவைத் திறந்து, அம்மாவின் சாரிகளுக்கு நடுவில் மைக்கை நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு போர்வையையும் போட்டுக்கொண்டு நிற்கிறேன். ஜன்னல் பூட்டியாயிற்று. ஃபேன் நிறுத்தியாயிற்று. ஃபிரிட்ஜின் பிளக்கையும் கழற்றியாயிற்று. மூக்கு நுனியில் வியர்வை வந்து நிற்கிறது. துடைத்தால் அந்த உரசலும் பதிவாகும் என்று துடைக்கவில்லை. டெங்கு விழிப்புணர்வு வாசிப்பு, ஐந்தாவது தடவை. இன்னும் ஒரு வரிதான் மிச்சம்.

தெருவில் ஓர் ஆட்டோ வருகிறது. கூரையில் இரண்டு ஸ்பீக்கர்.

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களே!"

என் குரல். ஒரு சாரிக்கடைக்கு நான் பேசிக் கொடுத்த விளம்பரம். பேசிக் கொடுத்து இரண்டு மாதமாகிறது, ஒரு சதம் இன்னும் வரவில்லை. காசு வராத என் குரல் தெருவில் ஊர்வலம் போய், காசு வர இருந்த என் குரலைக் கெடுத்துவிட்டுத் திரும்பியும் பார்க்காமல் பாலத்துப் பக்கம் போகிறது. போர்வைக்குள் நின்றுகொண்டு என்னை நானே தூஷணத்தால் ஏசினேன். அதுவும் பதிவாகியிருக்கிறது, துல்லியமாக, 48 கிலோஹெர்ட்ஸில்.

விளம்பரத்துக்கும் அறிவித்தலுக்கும் குரல் கொடுப்பதுதான் என் தொழில். இனி மனதில் கிடப்பதைக் கொட்டிவிடுகிறேன்.

"ஒரு நிமிசம்தானே தங்கச்சி." இந்த வசனத்தை என்னிடம் சொல்லாத வாடிக்கையாளர் இல்லை. கேட்பவருக்கு ஒரு நிமிசம். அது உண்மை. ஆனால் அந்த ஒரு நிமிசம் எங்கிருந்து வருகிறது? முதலில் நீங்கள் அனுப்பிய தமிழைத் தமிழாக்க வேண்டும். "உங்கள் கனவுகளை அனுபவிக்க எங்களுடன் இணைந்திருங்கள்" என்று வருகிறது. எந்தக் கனவு, எங்கே இணைவது, யாருக்கும் தெரியாது. சிங்களத்திலோ இங்கிலீசிலோ எழுதியதைக் கணினியில் போட்டுத் திருப்பி, அப்படியே எனக்குத் தள்ளிவிடுகிறார்கள். 30 செக்கன் விளம்பரத்துக்கு நிதானமாக வாசித்தால் 50, 60 சொல் கொள்ளும். இவர்கள் 130 சொல் அனுப்புவார்கள். வெட்டினால் "எல்லாம் முக்கியம் தங்கச்சி, கொஞ்சம் வேகமா வாசிங்க". வேகமாக வாசித்தால் "விளங்கவில்லை". மூச்சு விட்டால் "மூச்சு கேட்கிறது". அந்த மூச்சுகளை ஒவ்வொன்றாகத் தேடி வெட்டுவது யார்? நான். நாய் குரைத்த இடத்தைத் திரும்ப வாசிப்பது யார்? அதுவும் நான். வசனத்தைத் திருத்தியதற்குக் காசு கேட்டால் மட்டும், "நீங்க குரல் குடுக்கிற ஆள்தானே?" என்கிறார்கள்.

சாரிக்கடைக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வயிற்றெரிச்சல் அங்கேதான். விளம்பரத்தின் கடைசியில் கடையின் தொலைபேசி இலக்கம். மட்டக்களப்பு என்றால் 065. நான் "சைபர் ஆறு ஐந்து" என்று வாசித்தேன். ஊரில் அப்படித்தானே சொல்கிறோம். மறுநாள் முதலாளி எடுத்தார். "சைபர் வேண்டாம், பழைய ஆக்கள் மாதிரி இருக்கு. பூச்சியம் என்று சொல்லுங்க." சரி. திரும்ப அலுமாரிக்குள் போனேன். ஒரு சொல்லை மட்டும் மாற்றி ஒட்ட முடியாது. நேற்றுப் பின்னேரத்துக் குரல் வேறு, இன்று காலைக் குரல் வேறு, ஒட்டின இடம் தையல் மாதிரித் தெரியும். ஆகவே முழு விளம்பரமும் மறுபடி. அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து முதலாளியின் மச்சான் எடுத்தார். அவர் டுபாயில் இருந்து லீவில் வந்தவர். "பூச்சியம் என்றால் கடையில் ஒன்றும் இல்லை என்கிற மாதிரிக் கேட்குது அக்கா. ஜீரோ போடுங்க." போட்டேன். கடைசியில் ஆட்டோவில் எது போகிறது தெரியுமா? முதலில் அனுப்பின சைபர். போன வியாழக்கிழமை என் காதால் கேட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் இதை வேலை என்றே நினைப்பதில்லை. "கதைக்கிறதுக்கு ஆராவது காசு தருவானா மனே?" என்று பெரியம்மா கேட்டார். அவரில் எனக்குக் கோபமில்லை. சாரிக்கடைக்காரரும் அதைத்தான் நினைக்கிறார், வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் சாமத்திய வீட்டு வீடியோவுக்குக் குரல் கேட்பார்கள், கோயில்காரர்கள் திருவிழா அறிவித்தல் கேட்பார்கள், யாராவது செத்தால் மரண அறிவித்தல் கேட்பார்கள். மரண வீட்டில் கணக்குப் பேச எனக்கும் வாய் வராது, அதைச் செய்துதான் கொடுக்கிறேன். ஆனால் அதே ஆட்கள் பந்தல்காரருக்கும் கதிரைக்காரருக்கும் ஸ்பீக்கர்காரருக்கும் அன்றைக்கே எண்ணிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறேன். ஸ்பீக்கருக்கு வாடகை உண்டு. ஸ்பீக்கருக்குள்ளால் வருகிற குரலுக்குத்தான் ஒரு பிளேன்டீ.

சத்தத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது. காலையில் பாண் ஆட்டோ, அதே டிங் டிங் மெட்டு. மறுகா மீன்காரர், லொத்தர்காரர், பக்கத்து வளவில் தேங்காய் பறிப்பவர், காகம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, ஊரே நாறிக் கிடந்த காலம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என் மிகச் சுத்தமான பதிவுகள் அந்த நாட்களில் செய்தவை. லப்டொப் பற்றரி இருக்கும் வரை வாசித்தேன். ஒரு ஃபேன் ஓடவில்லை, ஒரு டீவி கத்தவில்லை.

அடுத்தது, "வாடை". கொழும்பில் இருந்து ஒரு விளம்பர முகவர் என் குரலின் மாதிரி ஒன்று கேட்டார், அனுப்பினேன். பதில் வந்தது: குரல் அருமை, ஆனால் கிழக்கு வாடை வருகிறது, கொஞ்சம் பொதுவான தமிழில் தர முடியுமா? பொதுவான தமிழ் என்றால் என்ன என்று கேட்டேன். இந்திய சீரியல் டப்பிங் ஒன்றின் லிங்க் அனுப்பினார். இன்னொருவருக்கு யாழ்ப்பாணத் தமிழ் வேண்டுமாம், "இலங்கைத் தமிழ் என்றால் அதுதானே" என்றார். வேறொருவர், பழைய இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா மாதிரி வேகம் வேண்டும், அப்துல் ஹமீத் மாதிரி உச்சரிப்பு வேண்டும், ஆனால் இளம் பெண் குரலாக இருக்க வேண்டும் என்றார். விலையைக் கேட்டால் 1,500 ரூபா. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1966இல் எழுதியிருக்கிறார், பேச்சுத் தமிழ்களுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழ் என்று. பிராகாவில் இருந்தவருக்கு மணத்தது, கொழும்பு ஏழில் இருப்பவருக்கு நாறுகிறது. அடுத்த முறை மாதிரிக் குரலோடு அந்தக் கட்டுரையையும் சேர்த்து அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.

போன வருடம் ஒரு "லேசான வேலை" வந்தது. 3,000 வசனம் வாசிக்க வேண்டும், சின்னச் சின்ன வசனம், உணர்ச்சி தேவையில்லை. ஒரேயடியாக நல்ல காசு. ஒப்பந்தம் இங்கிலீசில், 9 பக்கம். ஏழாம் பக்கத்தில் இருந்தது விசயம்: என் குரலை வைத்து அவர்கள் எந்தக் காலத்துக்கும் எந்த வசனத்தையும் கணினியால் பேச வைக்கலாம், எனக்கு மேலதிகமாக ஒன்றும் இல்லை. அதாவது 3,000 வசனத்தோடு எனக்கு வேலை முடிந்தது, குரலுக்கு மட்டும் முடியாது. கையெழுத்து வைக்கவில்லை. பெருமையாகச் சொல்லவில்லை, அந்த மாதம் ஸ்கூட்டி லீசிங் கட்ட அம்மாவின் காப்பைத்தான் அடகு வைத்தேன்.

இவ்வளவையும் பொறுக்கலாம். நான் பொறுக்க முடியாமல் நிற்கும் இடம் வேறு. நான் எழுத வேண்டும். ஐந்து வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். சி.ஆர். கொப்பியில் 46 பக்கம் ஆகியிருக்கிறது. சின்னப் பிள்ளையில் களரியில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவள் நான், கூத்தின் இரண்டு வகையில் வடமோடி எது தென்மோடி எது என்று மத்தளச் சத்தத்திலேயே பிடிப்பேன். கூத்தில் பக்கப்பாட்டுப் பாட நிற்கிற ஒருத்தரின் கதைதான் என் நாவல். நான் பதிவு செய்ய ஏற்ற நேரம் இரவு 1 மணிக்கு மேல், தெரு அடங்கின பிறகு. எழுத ஏற்ற நேரமும் அதுவேதான். இருக்கும் ஒரேயொரு அமைதியை யாருக்குக் கொடுப்பது? லீசிங்காரருக்குத்தான் கொடுக்கிறேன்.

தப்பித்தவறி ஓர் இரவு கொப்பியோடு உட்கார்ந்தால் இன்னொரு வில்லங்கம். பகல் முழுக்க அடுத்தவரின் வசனத்தை வாயில் போட்டு மென்றவளுக்கு, சொந்த வசனம் வரும்போது அதே வாசம் அடிக்கிறது. நாவலில் ஒரு கிழவி, முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டு பேத்தியைக் கூப்பிடுகிறாள். நான் எழுதியிருந்தது: "பிள்ளை, இன்றே வா." இன்றே! எந்த மட்டக்களப்புக் கிழவி பேத்தியை "இன்றே வா" என்று கூப்பிடுவாள்? "இஞ்ச வாகா" என்பாள். இன்றே நாடுங்கள், இன்றே முந்துங்கள், இன்றே அழையுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் கிழவியும் தள்ளுபடி விற்கத் தொடங்கிவிட்டாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். 46 என்றது உண்மையில் 45.

ஊரில் ஓர் இலக்கியச் சந்திப்பு. என் சிறுகதை ஒன்றை முதல் கிழமையே அனுப்பியிருந்தேன். ஏற்பாட்டாளர் எடுத்தார். நெஞ்சு படபடத்தது. "தங்கச்சி, உங்கட குரல் நல்லம், நிகழ்ச்சியைத் தொகுத்துத் தாங்களன்." கதை? "ஓம் ஓம், அதையும் பாப்பம்." போனேன். நான்கு எழுத்தாளர்களின் அறிமுகத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அதில் ஒருவர் தன் அறிமுகத்தைத் தானே எழுதித் தந்திருந்தார், மூன்று பக்கம், தன்னைத்தானே "தவிர்க்க முடியாத ஆளுமை" என்று. முடிந்த பிறகு பலர் வந்து கைகொடுத்தார்கள். என்ன குரல், என்ன குரல்! என் கதையைப் பற்றி ஒருவர் கேட்டார், ஒரே ஒருவர், மண்டபக் காவலாளி. "பிள்ள, நீங்க கதை வாசிக்கல்லியா? நோட்டீசில் பேர் கிடந்துது." அதற்குப் பிறகு அந்த நோட்டீசை வாங்கிப் பார்த்தேன். கிடந்தது. பெயருக்கு முன்னால் "குரல்" என்று போட்டிருந்தார்கள்.

நான் குரல் மட்டும் இல்லை ஐயா. அந்தக் குரலுக்குள் ஓர் ஆள் இருக்கிறாள். அந்த ஆளுக்கு இரவில் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்தை வாங்கப் பகலில் நியாயமான காசு வேண்டும். இது அவ்வளவு விளங்காத கணக்கா?

நல்லவர்கள் இல்லாமல் இல்லை. கல்முனையில் ஒரு ரியூசன் மாஸ்டர், அறிவித்தல் அனுப்பி 10 நிமிசத்துக்குள் காசு போடுவார். வசனம் இரண்டு வரிதான் எழுதுவார், மிச்சத்தை "நீங்களே எழுதுங்க, உங்களுக்கு வரும்" என்பார். அந்த மனிசனுக்காக நான் எத்தனை தரமும் அலுமாரிக்குள் போவேன்.

சாரிக்கடை முதலாளி, உங்கள் மச்சான் முகநூலில் இருக்கிறார், இதைக் காட்டுவார் என்று நம்புகிறேன். தர வேண்டியது 4,500 ரூபா. சைபர் ஒன்று, பூச்சியம் ஒன்று, ஜீரோ ஒன்று, மூன்றுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். எங்கள் தெருவால் போக வேண்டாம் என்றும் ஆட்டோக்காரரிடம் சொல்லிவிடுங்கள், குறைந்தது பகல் 11 மணிக்கு.