பெயிண்ட் அடிக்கப் போவதில்லை

துருப்பிடித்த என் பழைய பிக்கப் டிரக் வாசலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எப்போ பெயிண்ட் அடிக்கப் போறீங்க?" பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், பார்சல் கொண்டுவரும் பையன் கேட்டான், ஊரிலிருந்து வீடியோ காலில் அம்மா கேட்டார். அம்மா ஒருபடி மேலே போய், "ஏன் கண்ணு, காசு பத்தலையா? நான் வேணா அனுப்பட்டுமா?" என்றும் கேட்டுவிட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி, 1951ஆம் வருடத்துச் செவர்லே 3100. அரை டன் பிக்கப். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1947 கோடையில் 'அட்வான்ஸ் டிசைன்' என்ற பெயரில் செவர்லே கொண்டுவந்த வரிசை இது. 1955 வரை வந்தது. அந்த வருடங்களில் அமெரிக்காவில் வேறெந்த கம்பெனி டிரக்கையும்விட இவைதான் அதிகம் விற்றன. முன்பக்கம் ஐந்து பட்டைக் கிரில், உருண்டை முகம், தவளைக் கண் மாதிரி விளக்குகள். படங்களில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கக் கிராமம் என்று யார் ஓவியம் வரைந்தாலும் ஓரத்தில் இது நிற்கும்.

என்ன வருடம் என்று எனக்குத் தெரிந்த விதத்தைச் சொல்ல வேண்டும், அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. கதவில் முக்கோணக் காற்றுக் கண்ணாடி 1951இல்தான் வந்தது. கைப்பிடி கீழே திருப்புகிற வகை, அடுத்த வருடமே அழுத்தும் பொத்தானாக மாறிவிட்டது. அப்புறம் பின்தொட்டியின் தரை மரப்பலகை. 51இன் நடுவில் ஒன்பது பலகையை எட்டாகக் குறைத்தார்கள். என்னுடையதில் எட்டு. ஆக, அந்த வருடத்தின் பின்பாதி. பேப்பரைப் பார்க்காமலே இதைச் சொன்னபோது விற்ற அம்மையார் சிரித்துவிட்டார்.

டெக்சாஸின் மேற்குப் பகுதியில், லபக் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு பருத்திப் பண்ணையில் கிடைத்தது. அவிநாசிப் பக்கத்து ஆள் நான், பருத்தி என்றதும் கால் தானாக நின்றது. ஓடும் நிலையில் இல்லை. டிரெய்லரில் ஏற்றி, நான் இருக்கும் டாலஸ் வரை கொண்டுவந்தேன்.

சரி, அந்தத் துருவில் என்னதான் இருக்கிறது?

முதலில் கூரையும் பானெட்டும். மேலிருந்து அடித்த வெயில் பச்சைப் பெயிண்டைத் தின்று, கீழே இருந்த பிரைமரையும் தின்று, இரும்பைத் தொட்டிருக்கிறது. கூரையின் நடுவில் கருங்காப்பி நிறம், ஓரம் வரவர செங்கல் நிறம், அதற்கும் கீழே வெளுத்த பச்சை, கதவிடுக்கில் மட்டும் கடையிலிருந்து வந்த அன்றைய பச்சை. ஒரே வண்டியில் எழுபது வருட வெயிலின் அளவுகோல். மேற்கு டெக்சாஸ் வறண்ட மண் என்பதால் துரு மேலோடு நின்றுவிட்டது. இதே வண்டி வடக்கே, பனிக்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் ஊர்களில் இருந்திருந்தால் தரையும் கேபின் மூலைகளும் அப்பளமாக நொறுங்கியிருக்கும். அப்போது இந்தப் பதிவும் இருந்திருக்காது. ஓட்டை விழுந்த துருவை ரசிக்கும் அளவுக்கு எனக்குப் பைத்தியம் இல்லை.

அடுத்து, ஓட்டுநர் பக்கத்துக் கதவின் மேல்விளிம்பு. ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்டே இல்லை, இரும்பு பளபளவென்று இருக்கிறது. முழங்கை வைத்த இடம். என் முழங்கையை வைத்தால் இரண்டு விரல் தள்ளி விழுகிறது. என்னைவிட உயரமான ஆள். கிளட்ச் மிதியின் ரப்பர் இடது ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது, காலைச் சாய்த்து மிதிக்கும் பழக்கம் போல. மைல் மீட்டரில் ஐந்தே இலக்கம், எத்தனை முறை சுற்றி வந்ததோ யாருக்கும் தெரியாது. மிதியைப் பார்த்தால் ஓரளவு தெரிகிறது.

எனக்கு மிகப் பிடித்தது வலது கதவு. அதில் பண்ணையின் பெயரைக் கையால் எழுதியிருந்தார்கள். எழுத்துப் பெயிண்ட் எப்போதோ உரிந்து போய்விட்டது. ஆனால் அத்தனை வருடம் அது வெயிலை மறைத்துக்கொண்டிருந்ததால், எழுத்து இருந்த இடத்தில் பச்சை வெளுக்கவில்லை. ஆக எழுத்து இல்லை, எழுத்தின் நிழல் இருக்கிறது. மாலை வெயில் சாய்வாக விழும்போது '... அண்ட் சன்ஸ்' என்று நன்றாகப் படிக்கலாம். எந்தப் பெயிண்டரைக் கொண்டுவந்தாலும் இதை மறுபடி வரைய முடியாது, ஏனென்றால் இதை யாரும் வரையவே இல்லை.

நமக்கு இது உடனே பிடிபடாததற்குக் காரணம் இருக்கிறது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து வளர்ந்த கூட்டம் நாம். செம்பில் ஏறும் பச்சைக்கு நம்மிடம் களிம்பு என்று பெயர். அதைச் சைவ சித்தாந்தம் ஆணவ மலம் என்ற உயிரின் அழுக்குக்கே உவமையாக வைத்துவிட்டது, செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டியது என்று. அதையேதான் இங்கே பாட்டினா என்று கொண்டாடுகிறார்கள். அம்மாவிடம் பாட்டினாவை விளக்கிப் பார்த்தேன். "அழுக்குனு சொல்லு" என்றார்.

ஆரம்பத்தில் நானும் அழுக்கு என்றுதான் நினைத்தேன். ஒரு பட்டறையில் போய் விலை கேட்டேன். முழுக்கக் கழற்றி, மணல் பீய்ச்சி இரும்பு தெரியும்வரை சுரண்டி, பட்டி பார்த்து, மூன்று கோட் பெயிண்ட். வண்டி வாங்கிய விலையைப் போல மூன்று மடங்கு சொன்னார்கள். பணம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அங்கே முடித்து வைத்திருந்த வண்டி ஒன்றைக் காட்டினார்கள், அதே மாடல். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. உள்ளே உட்கார்ந்தேன். முழங்கைக்கும் தடமில்லை, கால் எங்கே போனது என்பதற்கும் தடமில்லை. 1951க்குத் திரும்பிய வண்டி என்றார் பட்டறைக்காரர். 1951இல் விவசாயிக்கு விற்ற எந்த பிக்கப்பும் அப்படி மின்னியிருக்காது.

மணல் பீய்ச்சுவது என்றதும் எனக்குக் கோயில்கள் நினைவுக்கு வந்தன. நம் ஊரில் திருப்பணி என்ற பெயரில் இதே மணல்வீச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்த்துச் சிற்பங்களின் மேல்தோலையும் கல்வெட்டு எழுத்துகளையும் உரித்தார்களே, கடைசியில் தடையே போட வேண்டிவந்ததே, அதே இயந்திரம்தான். கோயிலும் டிரக்கும் ஒன்றா என்று சண்டைக்கு வராதீர்கள். சுரண்டினால் போனது போனதுதான் என்பதில் இரண்டும் ஒன்று.

அதற்காகப் பழசாக இருந்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2013 செப்டம்பரில் நெப்ராஸ்காவில் பியர்ஸ் என்ற சின்ன ஊரில் ஒரு ஏலம் நடந்தது. லாம்ப்ரெக்ட் என்ற பழைய செவர்லே டீலர் பல பத்தாண்டுகளாக விற்காமல் சேர்த்து வைத்திருந்த சுமார் 500 வண்டிகள். பல ஆயிரம் பேர் திரண்டார்கள். 1958ஆம் வருடத்து கேமியோ பிக்கப் ஒன்று, மீட்டரில் வெறும் 1.3 மைல், 1,40,000 டாலருக்குப் போனது. யோசித்துப் பாருங்கள், 55 வருடத்தில் இரண்டு கிலோமீட்டர். அதுவும் புதுப்பிக்காத வண்டிதான். ஆனால் எனக்கு அதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஒரு மூட்டை சுமக்காத பிக்கப். சமைக்காத பானை மாதிரி.

இதைவிட எரிச்சல் தருவது போலித் துரு. இப்போது பாட்டினாவுக்கு மவுசு வந்துவிட்டதால், நல்ல பெயிண்டையே அடுக்கடுக்காக உரசி, வினிகரும் உப்பும் தெளித்துத் துருப்பிடிக்க வைத்து, கதவில் பழைய பெட்ரோல் பங்க்கின் பெயரை மங்கலாக எழுதித் தருகிறார்கள். கைத்தேர்ச்சி அபாரம், மறுக்கவில்லை. ஆனால் முழங்கை படாத இடத்திலெல்லாம் தேய்ந்திருக்கும். கூரையைவிடக் கதவின் அடிப்பாகம் அதிகம் வெளுத்திருக்கும். சூரியன் கீழிருந்தா அடித்தது?

"அப்போ ஒண்ணுமே செய்யாம போட்டு வெச்சிருக்கீங்களா?" என்று ஒரு நண்பர் கேட்டார். செய்யாமல் என்ன, இரண்டு வருடச் சனிக்கிழமைகள் இதற்குத்தான் போயின. பிரேக்கை முழுசாக மாற்றினேன். அந்தக் காலத்து வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு சக்கரத்தில் எண்ணெய் ஒழுகினால் நான்கிலும் பிரேக் இல்லை. அதைப் பிரித்து இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போட்டேன். துணி சுற்றிய பழைய வயர்களைப் பிடுங்கிப் புதிது இழுத்தேன். டயர், சீட் பெல்ட், இண்டிகேட்டர் எல்லாம் புதிது. பெட்ரோல் டாங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. அதை மட்டும் இடம் மாற்றவில்லை, அதனால் என் மனைவி இன்றுவரை ஏறவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. துருவின் மேல் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசியிருக்கிறேன், மேற்கொண்டு ஈரம் ஏறாமல் இருக்க. இதைச் செய்பவர்கள் கவனியுங்கள்: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, மூடி போட்ட தகர டப்பாவில் போட வேண்டும்.

இஞ்சினும் பழையதுதான். ஆறு சிலிண்டர், 216 கன அங்குலம், நம் கணக்கில் மூன்றரை லிட்டர். கனெக்டிங் ராடு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குட்டி அகப்பை இருக்கும், சுற்றும்போது எண்ணெயை அள்ளிக்கொள்ளும். அதை விரட்டினால் பேரிங் போய்விடும். மணிக்கு எழுபது கிலோமீட்டர், அதற்கு மேல் நானும் கேட்பதில்லை, அதுவும் தருவதில்லை. சாவியைத் திருகிவிட்டுக் காலால் மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பின்னால் வருபவர்கள் முதலில் கடுப்பாவார்கள், முந்தும்போது கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போவார்கள். பளபள வண்டிக்கு அது கிடைக்காது. அதைத் தொடவே பயப்படுவார்கள். இந்த வண்டியில் சாய்ந்து நின்றபடி பெட்ரோல் பங்க்கில் யாராவது ஒருவர் தன் தாத்தாவைப் பற்றி என்னிடம் பேசாமல் நான் வீடு திரும்பியதில்லை.

எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தாயிற்று, 'பழுதடைந்த வாகனம்' என்று. ஓட்டிக்காட்டினேன். இப்போது 'தோற்றம்' என்று எழுதுகிறார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. வண்டியை விற்ற அம்மையாருக்கு எழுபது வயது இருக்கும். கதவில் இருக்கும் 'சன்ஸ்'களில் ஒருவர் அவருடைய அப்பா. அப்பாவுக்குப் பிறந்தது மூன்றும் பெண்கள். டிரெய்லரில் கட்டும்போது, "இதை இப்படியே வைத்துக்கொள்ளப் போகிறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அப்பா கேட்டால் வெட்கப்படுவார்" என்றார். ஒவ்வொரு அறுவடைக்கும் பிறகு பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். மகசூல் கெட்ட வருடம் பணம் இருக்காது. நல்ல வருடம் டிராக்டருக்குப் போய்விடும். நான் காவியமாகப் பார்த்த அந்தத் துரு அவருக்குத் தள்ளிப்போட்ட வேலை.

பிறகு கொட்டகைக்குள் போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பச்சை எனாமல். அப்பா வாங்கியது, திறக்கவே இல்லை.

டப்பா என் கராஜில் மேல்தட்டில் இருக்கிறது. ஆட்டிப் பார்த்தேன், உள்ளே கட்டியாகிவிட்டது போலிருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.