தையலுக்குள் இரண்டு அங்குலம்

(திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்கு அருகே ஒரு சந்தில் உள்ள தையற்கடை. ஆவணி மாதத்துக் காலை. மாஸ்டர் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறார். தணிக்கைத் துறையில் பணிபுரியும் ராகவன், நான்கு பேன்ட்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, இடுப்பில் இருக்கும் ஐந்தாவது பேன்ட் நழுவாமல் இடது கையால் பிடித்தபடி படியேறி வருகிறார்.)

ராகவன்: மாஸ்டர், இந்த நான்கு பேன்ட்டையும் இடுப்பில் இரண்டு அங்குலம் பிடித்துக் கொடுங்கள். பிடித்தது போக உள்ளே மிஞ்சுகிற துணியை ஒட்டக் கத்தரித்து எறிந்துவிடுங்கள். 84 கிலோ இருந்தவன் 78 கிலோவுக்கு வந்திருக்கிறேன். அந்தப் பழைய மனிதனுக்கு என் உடைகளில் இனி ஓர் இழை இடம்கூடக் கிடையாது.

மாஸ்டர்: இடுப்பைப் பிடித்துத் தருகிறேன் சார். ஆனால் துணியைக் கத்தரிக்க என் கை வராது.

ராகவன்: துணி என்னுடையது, கூலியும் நான் கொடுக்கிறேன். கத்தரிப்பதற்கு உங்களுக்கு என்ன தடை?

மாஸ்டர்: (ஒரு பேன்ட்டை உள்பக்கமாகப் புரட்டி, பின்தையலை விளக்குக்கு நேரே பிடிக்கிறார்.) இதைப் பாருங்கள். தையலை ஒட்டி, ஊசி போய்வந்த துளைகள் இரண்டு வரிசையாகத் தெரிகின்றன அல்லவா? மரத்தை அறுத்தால் வளையத்தை எண்ணி வயதைச் சொல்வார்கள். எனக்குப் பேன்ட்டின் பின்தையல் போதும். உள்ளே தள்ளி இருக்கிற வரிசை, போன வருடம் ஆடியில் நீங்கள் இளைத்து வந்தபோது பிடித்தது. அடுத்த வரிசை, மார்கழியில் பாதி பிரித்துவிட்டுத் தைத்தது. தை பிறந்ததும் மீதியையும் பிரிக்கச் சொன்னீர்கள். அன்றைக்கு உள்ளே துணி இருந்ததால்தான் அலுவலகப் பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டாமல் போக முடிந்தது.

ராகவன்: போன வருடத்துக் கதையே வேறு. அப்போது என்னிடம் இருந்தது சாதாரண சைக்கிள். இப்போது கார்பன் சட்டம் போட்ட சைக்கிள் வாங்கியிருக்கிறேன். மொத்த எடையே எட்டு கிலோதான்.

மாஸ்டர்: சைக்கிள் இளைத்த விவரம் புரிந்தது. நீங்கள் இளைத்தது எப்படி?

ராகவன்: அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஞாயிறுதோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு நண்பர்களோடு புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்புகிறேன். நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வீடு திரும்பும்போது என் கைக்கடிகாரம் 1,400 கலோரி எரிந்ததாகச் சொல்கிறது.

மாஸ்டர்: ஊரார் கணக்கையெல்லாம் தணிக்கை செய்கிறீர்கள். அந்தக் கடிகாரத்தின் கணக்கை எப்போதாவது தணிக்கை செய்தது உண்டா?

ராகவன்: (சற்றுத் தயங்கி) தொழில் தர்மத்தை இழுத்துவிட்டீர்கள், பொய் சொல்ல முடியாது. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இப்படிப்பட்ட ஏழு கைக்கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலும் சரியாகவே எண்ணின. கலோரிக் கணக்கில் மட்டும், இருப்பதிலேயே ஒழுங்கான கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. ஆகையால் அந்த 1,400-ஐ நானே ஆயிரத்துக்குக் குறைத்துத்தான் மனத்தில் வைத்திருக்கிறேன்.

மாஸ்டர்: நல்லது. அந்த ஆயிரம் கலோரியும் எரிந்த கையோடு, வழியில் எங்கேயாவது இறங்குவீர்களா?

(சைக்கிள் ஓட்டுபவர்களோடு பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: ஓட்டிய தூரத்தைச் சொல்லும்போது அவர்களுடைய குரல் தெருமுனை வரை கேட்கும்; தின்றதைச் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர்கள்கூடக் குனிந்துதான் கேட்க வேண்டும்.)

ராகவன்: (குரலைத் தணித்து) சிற்றுண்டிதான்.

மாஸ்டர்: கணக்கு என்றால் வரிவரியாக எழுத வேண்டும் சார்.

ராகவன்: நெய் மிதக்கும் பொங்கல் ஒரு தட்டு, ஏறத்தாழ 400 கலோரி. மெதுவடை இரண்டு, அது ஒரு 250. எல்லோருமாகச் சேர்ந்து ஒரு நெய் ரோஸ்ட் வாங்குவோம்.

மாஸ்டர்: ஒன்றை எல்லோருமாகப் பகிர்ந்துகொள்வீர்களா?

ராகவன்: எல்லோருமாகச் சேர்ந்து ஆளுக்கொன்று வாங்குவோம். பிறகு காபி. வெயில் ஏறுவதற்குள் இன்னொரு காபி.

மாஸ்டர்: ஆக, முட்டுக்காட்டில் எரித்ததையெல்லாம் நீலாங்கரைக்கு வருவதற்குள் நிரப்பிக்கொண்டு, கொஞ்சம் முன்பணமும் கட்டிவிடுகிறீர்கள்.

ராகவன்: உடம்புக்கு எரிபொருள் வேண்டாமா? டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மலையேறும் நாட்களில் வீரர்கள் ஐந்தாயிரம் கலோரிக்கு மேல் உண்கிறார்கள், தெரியுமா?

மாஸ்டர்: அவர்கள் மலையேறுவதை விட்டுவிட்டு, உண்பதை மட்டும் நீங்கள் பின்பற்றுகிறீர்கள் போலிருக்கிறது.

ராகவன்: மலையும் ஏறியிருக்கிறேன் மாஸ்டர்! சென்ற மாதம் ஏலகிரிக்குப் போனோம். சமதரையில் காற்றுதான் எதிரி. ஆளின் எடை அவ்வளவாகத் தெரிவதில்லை. ஏற்றத்தில்தான் ஒவ்வொரு கிலோவும் வாய் திறந்து பேசும். அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். புலவர்களையெல்லாம் எப்படியோ கடந்துவிட்டேன். பாரி வளைவு வந்ததும் காலில் உயிர் இல்லை. பக்கத்தில் ஒரு கொடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இந்தக் கார்பன் சைக்கிளை அதற்கே கொடுத்துவிட்டுப் பேருந்தில் இறங்கிவிடலாம் என்று தோன்றியது.

மாஸ்டர்: கொடுத்தீர்களா?

ராகவன்: கடன் தவணை இன்னும் முடியவில்லை. அதனால் வள்ளலாக முடியவில்லை.

மாஸ்டர்: சரி, ஒரு கிலோ கொழுப்பு கரைய எவ்வளவு கலோரி போக வேண்டும்?

ராகவன்: சுமார் 7,700.

மாஸ்டர்: ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் வரவும் செலவும் சமமாகிவிட்டன. ஆறு கிலோவுக்கு 46,200 கலோரி வேண்டும். அது எங்கிருந்து வந்தது?

ராகவன்: (விரல்விட்டு எண்ணி, முகம் மாறி) ஆறு மாதத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 கலோரி வருகிறது. இரண்டு வடை. மாசி மாதம் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்த நாள்முதல், வீட்டில் இரவுக்கு மூன்று இட்லி வைத்துவிட்டு இட்லிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்கள். அதற்கு முன்பு நான் எண்ணிச் சாப்பிடும் வழக்கம் இல்லை.

மாஸ்டர்: அப்படியானால் இளைக்க வைத்தது அந்தப் பானை. கடன் வாங்கியது கார்பனுக்கு.

ராகவன்: சைக்கிளை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறேன், இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, படுத்தவுடன் தூக்கம் வருகிறது.

மாஸ்டர்: ஞாயிற்றுக்கிழமை பகலிலும் வருகிறதா?

ராகவன்: அன்றைக்குச் சற்றுக் கூடுதலாக வரும். பத்து மணிக்குப் படுத்தால் நான்கு மணிக்கு எழுந்திருப்பேன். கால் வலிக்கும் அல்லவா? கீழே கடைக்குப் போவதென்றாலும் பையனைத்தான் அனுப்புவேன்.

மாஸ்டர்: என் கதையைக் கேளுங்கள். இருபத்தைந்து வருடம் காலால் மிதிக்கிற மிஷினில்தான் தைத்தேன். நீங்கள் ஞாயிறு ஒரு நாள் மிதிக்கிறீர்கள். நான் தீபாவளிச் சமயத்தில் நள்ளிரவு வரை மிதித்தவன். இடுப்பு 32-ஐத் தாண்டியதில்லை. பிறகு, முழங்கால் பாவம் என்று மகன் மிஷினுக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்தான். சோற்றின் அளவு அப்படியே இருந்தது, கால் மட்டும் சும்மா இருந்தது. இரண்டே வருடத்தில் 36. எனக்கு நானே நான்கு தடவை பேன்ட்டைப் பிரித்துத் தைத்துக்கொண்டேன், கூலிகூட வாங்காமல். ஓட்டம் நின்றுபோனால் பசியும் கூடவே நின்றுவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம் சார். உங்களுக்கு அது ஐப்பசியில் நடக்கிறது.

ராகவன்: ஐப்பசியில் என்ன?

மாஸ்டர்: (மேசை அறையிலிருந்து நீளமான அளவு நோட்டை எடுத்துப் புரட்டுகிறார்.) சென்னைக்கு வருகிற மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மூன்று மாதமும் உங்கள் சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கும். நடுவில் தீபாவளிப் பலகாரம். மழைக்குச் சூடாக பஜ்ஜி. மார்கழியில் கோயில்தோறும் பொங்கல். இந்த நோட்டைப் பாருங்கள். வருடா வருடம் ஆடிக்கும் ஆவணிக்கும் இடுப்பு குறைந்திருக்கிறது, தையில் கூடியிருக்கிறது. வானிலை ஆய்வு மையத்தார் கேட்டால்கூட இதைக் கொடுக்கலாம்.

ராகவன்: (பெருமூச்சுடன்) நீங்கள் சொல்வதைவிடப் பெரிய ஆபத்தை நான் படித்திருக்கிறேன் மாஸ்டர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓர் எடைக்குறைப்புப் போட்டி நடந்தது. அதில் கலந்துகொண்டவர்களில் 14 பேரை, கெவின் ஹால் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். குறைத்த எடையில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. அவர்களுடைய உடம்போ, சும்மா இருக்கும்போது எரிக்க வேண்டிய அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. எடை திரும்பிய பிறகும் சிக்கனம் போகவில்லை.

மாஸ்டர்: உடம்பு உங்களைவிடக் கண்டிப்பான கணக்கதிகாரி என்று சொல்லுங்கள். ஒரு தடவை பட்ஜெட்டைக் குறைத்தால் பிறகு கூட்டித் தருவதே இல்லை.

ராகவன்: என்னுடைய ஆறு கிலோவுக்கு அவ்வளவு தண்டனை இருக்காது. இருந்தாலும், 84 கிலோவைச் சுமந்து முட்டுக்காட்டுக்குப் போனபோது எரிந்த அளவு, 78 கிலோவைச் சுமந்து போகும்போது எரியாது. இளைக்க இளைக்கத் தட்டும் சுருங்கிக்கொண்டே போக வேண்டும். இதுதான் அநியாயம்.

மாஸ்டர்: இளைத்த பிறகு அப்படியே நிற்கிறவர்கள் ஒருவர்கூட இல்லையா?

ராகவன்: இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1994 முதல் அவர்களுக்கென்றே ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். 13.6 கிலோவாவது குறைத்து, அதை ஓராண்டாவது காப்பாற்றியவர்களுக்குத்தான் அதில் இடம். எனக்கு வாசலிலேயே அனுமதி கிடையாது. அவர்களில் பெரும்பாலானவர்கள் தினமும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள். அதிலும் அதிகம் பேர் செய்வது வெறும் நடை. வாரம் ஒரு முறையாவது எடை பார்த்துக்கொள்கிறார்கள்.

மாஸ்டர்: தினமும் நடக்கிறவர்கள் நிற்கிறார்கள், ஞாயிறு மட்டும் பறக்கிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். நீங்கள் எப்போது எடை பார்ப்பீர்கள்?

ராகவன்: ஞாயிறு, சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே.

மாஸ்டர்: வியர்வை போன சமயமாகப் பார்த்து!

ராகவன்: அந்த நேரத்தில் ஒரு கிலோ குறைவாகக் காட்டும். அது தண்ணீர்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த எண்ணைப் பார்க்கும்போது கிடைக்கிற நிம்மதி, சொம்பு நீரைக் குடித்த பிறகு கிடைப்பதில்லை.

மாஸ்டர்: அதனால்தான் தராசைவிட டேப் நல்லது என்கிறேன். எழுந்து நில்லுங்கள்.

ராகவன்: எதற்கு? பேன்ட் 34 வருகிறது என்று எனக்கே தெரியுமே.

மாஸ்டர்: பேன்ட்டின் இடுப்பு வேறு, வயிற்றின் சுற்றளவு வேறு. இருபது வருடமாக எனக்கு 36-தான் என்று பெருமை பேசுகிறவர்கள் எத்தனையோ பேர் வருகிறார்கள். வயிறு கூடக் கூட அவர்கள் பேன்ட்டைக் கீழே இறக்கி, தொந்திக்கு அடியில் கட்டிக்கொள்கிறார்கள். அளவு மாறவில்லை, விலாசம்தான் மாறியிருக்கிறது. உங்கள் டாக்டர் எங்கே அளந்தார்?

ராகவன்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றார்.

மாஸ்டர்: என் கணக்கில் முப்பத்தைந்தரை அங்குலம் ஆகாது, ஒரு நூல் குறையும். கையை விரித்துக்கொள்ளுங்கள். (டேப்பைச் சுற்றுகிறார்.) மூச்சை விடுங்கள் சார்.

ராகவன்: விட்டுவிட்டேன்.

மாஸ்டர்: முகம் சிவந்துபோயிருக்கிறது. இன்னும் விடுங்கள்.

(ராகவன் மூச்சை விடுகிறார். டேப் மாஸ்டரின் விரல்களைத் தள்ளிக்கொண்டு நகர்கிறது.)

மாஸ்டர்: முப்பத்தேழரை.

ராகவன்: காலையில் பூரி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மாஸ்டர்: பூரியை இறக்கி வைத்துவிட்டு அளக்கிற டேப் என்னிடம் இல்லை. நான் சொல்வதைக் கேளுங்கள். நான்கையும் இரண்டு அங்குலம் பிடிக்கிறேன், துணி உள்ளேயே இருக்கட்டும். மாதம் பிறந்ததும் வெறும் வயிற்றோடு வாருங்கள், அளந்து நோட்டில் எழுதுகிறேன். அரை அங்குலம் கூடினால் அன்றைக்கே சொல்லிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் மழையானாலும் குடை பிடித்துக்கொண்டு நடந்தே வர வேண்டும். அளப்பதற்குக் கூலி வேண்டாம். பிரிப்பதற்குத்தான் இரட்டைக் கூலி.

ராகவன்: இரட்டைக் கூலியா? போன தையில் அப்படி வாங்கவில்லையே!

மாஸ்டர்: போன தையில் நீங்கள் இவ்வளவு படித்திருக்கவில்லையே.

ராகவன்: (யோசித்து) ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடக்க அளவை முப்பத்தேழு என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் டேப்பைப் பாருங்கள், ஓரமெல்லாம் நைந்துபோய், பித்தளை முனையும் கழன்றிருக்கிறது. எத்தனை வருடமாக எத்தனை பேரைச் சுற்றி இழுத்திருப்பீர்கள்! இழுபட்டு இழுபட்டு அரை அங்குலமாவது நீண்டிருக்கும்.

மாஸ்டர்: நீண்டிருக்கலாம் சார். ஆனால் டேப் நீண்டுபோனால் அளவைக் குறைத்துத்தான் காட்டும்.

(ராகவன் சிறிது நேரம் கூரையைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார். போட்டுவிட்டு மெதுவாக உட்காருகிறார்.)

மாஸ்டர்: உள்ளே புது டேப் ஒன்று இருக்கிறது. எடுத்துவரட்டுமா?

ராகவன்: வேண்டாம் மாஸ்டர். முப்பத்தேழரை என்றே எழுதுங்கள். பேனாவைக் கொடுங்கள், நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.