ஒரு பக்கக் கடிதத்தை நம்பி எத்தனை மாடி கட்டுவது?

"வேலையை ஆரம்பிச்சிடுங்க, அக்ரிமென்ட் அடுத்த வாரம் வந்துடும்." இனி யார் இதைச் சொன்னாலும் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

சென்ட்ரிங், கம்பி கட்டு, கான்கிரீட் எடுத்துச் செய்கிற சப் கான்ட்ராக்டர் நான். பெரிய கம்பெனி ஒன்று கையில் கொடுத்தது ஒரு பக்க எல்.ஓ.ஐ., அதாவது வேலை தரும் எண்ணத்தைச் சொல்லும் கடிதம் (லெட்டர் ஆஃப் இன்டென்ட்). வேலையின் பெயர், தோராயமான மதிப்பு, "உடனடியாக ஆட்களை இறக்கவும்", "விரிவான ஒப்பந்தம் பின்னர்". அவ்வளவுதான். பில் கொடுத்தால் எத்தனை நாளில் பணம்? டிராயிங் தாமதமானால் ஆட்கள் சும்மா உட்கார்ந்த கூலி யார் தலையில்? ஒரு வரி கிடையாது.

ஷீட், ஜாக்கி வாடகை, மேஸ்திரிக்கு முன்பணம், ஆட்கள் தங்க ஷெட் எல்லாம் என் காசு. மூன்று தளம் போட்டு முடித்துப் பில்லோடு போனால், "ஒர்க் ஆர்டர் நம்பர் இல்லாம சிஸ்டத்துல பில் ஏறாது சார்" என்கிறார்கள். அந்த நம்பரைத் தர வேண்டியது யார்? நானா?

ஐந்தாவது மாதம் அக்ரிமென்ட் வந்தது. பேசிய ரேட்டில் குறைத்திருந்தார்கள். பத்து சதவீதம் பிடித்தம், தாமதத்துக்கு அபராதம், அதுவும் வேலை தொடங்கிய தேதியிலிருந்து. கையெழுத்துப் போடாவிட்டால் முடித்த வேலைக்கும் பணம் இல்லை. இந்தத் தாமதத்தை அலுவலகச் சோம்பல் என்று இனி நம்ப மாட்டேன். ஒவ்வொரு தளம் ஏறும்போதும் பேரம் பேசுகிற தெம்பு எனக்குக் குறைகிறது. அது தெரிந்துதான் இழுக்கிறார்கள்.

கோர்ட்டுக்குப் போ என்கிறார்கள் சிலர். எல்.ஓ.ஐ. என்பது பின்னால் ஒப்பந்தம் செய்யும் எண்ணத்தைச் சொல்வதுதான், பொதுவாக அது யாரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றமே டிரெஸ்ஸர் ராண்ட் வழக்கில் 2006-ல் சொன்னது. ஏற்பு என்பது வாசகத்திலேயே தெளிவாக இருந்தால் ஒப்பந்தமாகலாம் என்றும் சொன்னது. என் கடிதத்தில் அந்த வாசகம் எங்கே? 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு, இலவசமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்கிறது. சரி, தருவார்கள். எத்தனை வருடம் கழித்து?

எல்.ஓ.ஐ. கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் அஸ்திவாரம் முடிய வேண்டும், பேப்பர் வேலை இழுக்கும், புரிகிறது. அப்படியென்றால் எவ்வளவு தொகை வரைக்கும் வேலை, எந்த ரேட், எத்தனை நாளில் பணம், எந்தத் தேதியோடு இந்தக் கடிதம் முடிகிறது என்று அதிலேயே எழுதித் தொலைக்க வேண்டியதுதானே! நாலு வரி. அதைக் கேட்டால் "நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளிக்கிறார்கள்.

அக்ரிமென்ட் இன்னும் என் மேஜை மேல்தான் கிடக்கிறது. நாளை சனிக்கிழமை. இருபத்தெட்டு பேர் வாரக் கூலிக்கு வந்து நிற்பார்கள்.